வசவுச் சொல்லை வைத்து வடிகட்ட முடியாது

வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு நிற்கிற எந்த அமைப்பின் மின்னஞ்சலைத் திறந்தாலும் மூன்று வகை கலந்து கிடக்கும். உதவி கேட்டு வருபவை, விளம்பரங்கள், எங்களைத் திட்டி வருபவை. ஒரு ஊருக்குப் போய் உண்மையறியும் அறிக்கை வெளியிட்டால் போதும், அந்த வாரம் மூன்றாவது வகை பெருகிவிடும்.

விளம்பரத்தை ஒழிப்பது சுலபம். ஜிமெயிலில் அனுப்புநர் முகவரியைக் கொடுத்து ஒரு ஃபில்டர் போட்டால் அது இன்பாக்ஸ் பக்கமே வராது. கடன் தருகிறவர்களும் சாஃப்ட்வேர் விற்கிறவர்களும் அப்படித்தான் ஒழிந்தார்கள்.

வசவுகளுக்கு என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. இழிசொற்களைப் பட்டியல் போட்டு, அவை வரும் அஞ்சல்களைத் தானாக அழித்துவிடலாம் என்று ஒரு தோழர் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொற்கள் வேறு யாருடைய அஞ்சலில் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம். பாதிக்கப்பட்டவரின் புகாரில் இருக்கும். "சாதியைச் சொல்லித் திட்டினார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவர்களே நாங்கள்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(s) பிரிவில் வழக்கு நிற்க வேண்டுமென்றால் என்ன சொல், எந்த இடம், யார் கேட்டார்கள் என்பதெல்லாம் புகாரிலேயே வந்தாக வேண்டும். எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு அம்மா அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி எழுதி, மகன் அதை நெட் சென்டரில் டைப் செய்து அனுப்ப, எங்கள் ஃபில்டர் அதைக் குப்பையில் போட்டால் எப்படி இருக்கும்?

சாதிச் சான்றிதழ் சிக்கல்களும் இப்படித்தான். பட்டியல் சாதிகளின் பெயர்களில் சிலவற்றையே தெருவில் வசவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். வட்டாட்சியர் முத்திரைக்கு மேலே அது உதவித்தொகைக்கான தகுதி, இன்னொருவன் வாயில் அது வசவு. எந்திரத்துக்கு இரண்டும் ஒரே எழுத்துகள். தவிர, ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் பொருத்திப் பார்க்கும். தமிழில் ஒரு வேற்றுமை உருபு ஒட்டினாலே அது வேறு சொல். ஆங்கில எழுத்தில் தமிழை டைப் செய்கிறவர்களோ ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள்.

அதனால் சொல்லை விட்டுவிட்டு முகவரியைப் பிடித்தோம். திரும்பத் திரும்ப எழுதுகிற முகவரிகள் மட்டும் இன்பாக்ஸைத் தாண்டி ஒரு லேபிளுக்குப் போகின்றன. அழிப்பதில்லை. குப்பைக்கும் ஸ்பேமுக்கும் போனது 30 நாளில் தானாகவே மறைந்துவிடும். வன்கொடுமை வழக்கில் விசாரணையை முடிக்கவே விதிகள் 60 நாள் தருகின்றன என்பதை யோசியுங்கள். (அந்த 60 நாள் எத்தனை வழக்குகளில் மதிக்கப்படுகிறது என்பது தனிக்கதை.)

தனி அஞ்சலில் வந்த வசவு "பொதுமக்கள் பார்வையில்" நடந்ததாகுமா என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியார் இல்லாதபோது நடந்தது அதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கொலை மிரட்டல் மிரட்டல்தான். பெயரை மறைத்து மிரட்டுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 351(4) தனியாகவே இருக்கிறது. அதற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பியிருக்கக் கூடாது. 'ஷோ ஒரிஜினல்' போய், தலைப்புத் தகவல்களோடு மூல அஞ்சலைத் தரவிறக்கி வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றும் சேர்ந்து போக வேண்டும்.

சரி, அந்த லேபிளைத் திறந்து படிப்பது யார்? பொதுவாக அமைப்புகளில் அஞ்சல் பார்க்கும் வேலை கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். எங்களிடம் அப்படிச் சேர்ந்திருப்பவர் காலனியிலிருந்து வந்து முதுகலை படிக்கும் ஒரு பெண். பள்ளியில் கேட்டதையே மறுபடி வாரந்தோறும் சம்பளமில்லாமல் படித்துத் தரம் பிரி என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மலம் அள்ளுவதை எதிர்த்துப் பேசுகிற இடத்தில், அள்ளும் வேலை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா? எங்களோடு வேலை செய்யும் பிற சாதித் தோழர்கள் இரண்டு பேரிடம் நேராகவே கேட்டோம். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர், "எனக்கும் கஷ்டமா இருக்குமே" என்றார். இருக்கும்தான் என்றோம். இரண்டு பேரும் இப்போது வாரம் மாற்றி வாரம் படிக்கிறார்கள். மிரட்டல் இருந்தால் மட்டும் எங்களிடம் வரும், மற்றவை தேதியோடு அப்படியே கிடக்கும்.

ஸ்பேம் பெட்டியை மட்டும் நாங்களே திங்கள்கிழமைதோறும் திறக்கிறோம். தலைப்பே இல்லாமல், புதிய முகவரியிலிருந்து, ஒரு புகைப்படத்தை மட்டும் இணைத்து வரும் அஞ்சல்களை ஜிமெயில் சந்தேகப்பட்டு அங்கே தள்ளிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.