கயிறு பிடிப்பவர்

கடலைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் யாரும் இல்லை. எல்லோரும் கரையில் நின்றுகொண்டுதான் எழுதினோம். நானும் என் கதைகளில் இதுவரை மூன்று பேரைக் கடலில் மூழ்கடித்திருக்கிறேன். அவர்கள் போன இடத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதானே மரியாதை? இந்த நியாயத்தை என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த வயதில் உங்களுக்கு இது வேண்டுமா?" என்றாள். டாக்டர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, "டாக்டருக்கென்ன, அவரா முழுகப் போகிறார்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல வேளையாகப் பிரயாணச் சீட்டு இருந்தது.

இலங்கையில் கடல், வருஷத்தில் பாதி ஒரு பக்கமும் பாதி மறு பக்கமுமாகக் கதவைத் திறக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் தண்ணீர் தெளிந்திருக்கும். சித்திரை பிறந்தால் அந்தக் கதவு சாத்திக்கொண்டு, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் திறக்கும். நான் போனது ஆனி மாதம். ஆகவே கிழக்குக் கரை.

எனக்கு முன்னால் இந்தக் கடலுக்காகவே இலங்கைக்கு வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்ட எழுத்தாளர் ஒருவர் உண்டு. ஆகாயத்தைப் பற்றிக் கதை எழுதிப் பேர் வாங்கிய ஆர்தர் கிளார்க்தான் அவர். 1956இல் வந்தவர் 2008இல் கொழும்பில் காலமானார். வந்த வருஷமே அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலைக்கு அடியில் முழுகி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் கற்களைக் கண்டார்கள். 1961இல் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் பாறைகளுக்கிடையில் வில்சன் கண்டெடுத்தது வெள்ளி ரூபாய்கள்! ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அடித்த நாணயங்கள். பை மக்கிப் போயும், பையின் வடிவம் மாறாமல் கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தனவாம். அந்த வில்சன் பிற்காலத்தில் கதிர்காமத்து முருகனுக்கு அடியாராகிச் சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக்கொண்டார். கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்.

நிலாவெளியில் எனக்குக் கற்றுக்கொடுத்த பிள்ளைக்கு இருபத்தாறு வயது. மட்டக்களப்புக்காரர். முதுகில் சிலிண்டரை ஏற்றி, இடுப்பில் ஈயத்தைக் கட்டி, வாயில் ரப்பரைக் கடிக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைச் சிங்காரிப்பதைப் போல அத்தனை பேர் சுற்றி நின்றார்கள்.

"ஐயா, தண்ணிக்குள்ள மறக்கக்கூடாதது ஒண்டே ஒண்டுதான். மூச்சை மட்டும் அடக்காதீங்க" என்றார் அவர்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீரில் முழுகினால் மூச்சை அடக்க வேண்டும் என்றுதான் காவேரிப் படித்துறையில் என் தாத்தா கற்றுக்கொடுத்தார். ஆனால் பிள்ளை சொன்னதில் காரணம் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழிந்துபோகும்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். பாறைகளில் மாடப்புறாக்கள். 2003இல் அதைக் கடல் தேசியப் பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள். இறங்கினேன். முதலில் காதில் வலி. மூக்கைப் பிடித்து ஊதியதும் 'டப்' என்று திறந்துகொண்டது. பிறகு ஓர் அமைதி; என் மூச்சின் சத்தம் மட்டும். இழுத்தால் ஒரு சீறல், விட்டால் குமிழிகளின் கொப்பளிப்பு. அறுபது வருஷமாக இந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உட்கார்ந்து கேட்க அன்றுதான் வாய்த்தது.

கீழே போகப் போகச் சிவப்பு நிறம் செத்துப்போகிறது. என் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு பன்னிரண்டு மீட்டரில் சாம்பலாகத் தெரிந்தது. பிள்ளை விளக்கை அடித்ததும் அது குங்குமமாகத் திரும்பி வந்தது. முருகைக்கற்கள் சில இடங்களில் மான்கொம்பைப் போலக் கிளைத்திருந்தன. சில இடங்களில் உடைந்த ஓட்டுக் குவியல்தான். மிதித்தவர்கள் பாதி, காய்ந்த கடல் பாதி. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது தெற்கே ஹிக்கடுவைத் தோட்டம் பெரும்பாலும் வெளுத்து அழிந்தது. கருநுனிச் சுறா ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, வேலை உள்ளவரைப் போல விலகிப் போயிற்று.

தண்ணீருக்குள் தனியாகப் போகக் கூடாது என்பது இந்த வித்தையின் சட்டம். இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவர் தம் குழாயைக் கொடுக்க வேண்டும். இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். மன்னார்க் கடலில் 1905ஆம் வருஷத்து முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிச் சிப்பிகளுக்கு மேல் எடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போனவர்கள் காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் இறங்கினார்கள். மேலே தோணியில் கயிறு பிடிக்க ஓர் ஆள். அந்த ஆள் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பார்கள். தம்பி கூட ஒரு நிமிஷம் அசந்துவிடலாம். அக்காளின் தாலி கயிற்றின் மறுமுனையில் இருக்கும்போது மைத்துனன் அசர மாட்டான் அல்லவா?

மாலையில் கரையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். பிள்ளை சிரிக்கவில்லை. மணலைக் கிளறிக்கொண்டே தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்.

அவர் சங்கும் கடல் அட்டையும் எடுக்க முழுகியவர். அட்டை சீன தேசத்து விருந்துக்குப் போகிறது. கரையோரத்து அட்டை தீரத் தீர ஆழத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளி சிலிண்டர் வாங்கிக் கொடுத்தார்; படிப்பினை கொடுக்கவில்லை. ஒரு நாளில் நாலு சிலிண்டர், ஐந்து சிலிண்டர்.

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு போய்விடும். வேகமாக ஏறினால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் நுரைக்கிறதே, அப்படி உடம்புக்குள் குமிழி கிளம்பும். ஒரே மூச்சில் போய் வந்த பழைய முத்துக்குளிகாரனுக்கு இந்த வம்பு அநேகமாக இல்லை. சிலிண்டர் மூச்சையும் தந்தது, இதையும் சேர்த்துத் தந்தது. ஒருநாள் ஐந்தாவது சிலிண்டர் முடிந்து படகில் ஏறிய தகப்பனாருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. பதினான்கு வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார்.

"அப்பாவுக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்ல ஐயா. கணக்குப் பிடிக்கத்தான் ஆள் இருந்தது" என்றார் பிள்ளை.

பிறகு, "நான் இதைப் படிச்சது அதுக்காகத்தான். ஊர்ப் பெடியனுகளுக்கு ராவில இலவசமாச் சொல்லிக்குடுக்கிறன். முதலாளிமாருக்குப் பிடிக்கல்ல" என்றார்.

அவர் ஊருக்கு அப்பால், ஐம்பது மீட்டருக்கும் ஆழத்தில், 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். உலகத்துப் பெரிய முழுக்காளிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வரட்டும், என் தகுதிக்கு அந்த ஆழம் எட்டாது. அந்த 307 பேருக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. அட்டைக்காக முழுகி முடங்கியவர்களைப் பெயர் சொல்லி எண்ணியவர் யார்?

கடைசி நாள் முழுக்கு முடிந்து ஏறும்போது, ஐந்து மீட்டரில் பிள்ளை கையை விரித்து நிற்கச் சொன்னார். அங்கே மூன்று நிமிஷம் நிற்பது வழக்கம். கரைந்தது வெளியேற அவகாசம். மேலே வெயில், படகின் அடிப்பலகை, ஏணி எல்லாம் கையெட்டும் தூரத்தில் தெரிகின்றன. ஆனாலும் நிற்க வேண்டும். மூன்று நிமிஷம் அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அலை என்னைத் தூக்கப் பார்த்தது. பிள்ளை ஒரு கையால் என் தோள்வாரைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் கடிகாரம். அவர் என்னைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது. மைத்துனன் பிடி.