சினை ஊசி

காலை ஏழு மணிக்கே எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது காத்திருப்பார்கள். என் தந்தையார் பள்ளிப்பட்டுப் பகுதியில் கால்நடை ஆய்வாளர். ஊரார் 'டாக்டர்' என்றே அழைப்பர். திருத்திப் பார்த்து அவர் சலித்துவிட்டார். ஆந்திர எல்லையாதலால் தமிழ் மட்டும் தெரிந்தால் இவ்வேலை நடக்காது. 'கோமாரி' என்றால் விழிப்பவரிடம் 'காலிகுண்ட்டு' என்று தெலுங்கில் சொல்வார். தடுப்பூசி நாட்களில் ஐஸ் பெட்டி சுமப்பது என் பங்கு. மாடு உதைத்தால் அதுவும் என் பங்குதான்!

சென்ற விடுமுறையில் ஒரு மாலை, பாட்டி ஒருவர் சினை ஊசி போடப் பசுவை ஓட்டி வந்தார். முந்தின நாள் விடியலிலேயே கத்தியதாம். காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் போடுவதே முறை. தந்தையார் பரிசோதித்துவிட்டு, "பருவம் தாண்டிடுச்சும்மா. போட்டாலும் நிக்காது. 21 நாள் பொறுக்கணும்" என்றார்.

"ஒரு குச்சி போட்டா உங்க சொத்தா போயிடும்? கறவை இல்லாம நான் எதைத் தின்பேன்?" என்று பாட்டி கொட்டித் தீர்த்தார். எனக்கும் தந்தையார் மேல் கோபமே. போட்டு அனுப்பியிருந்தால் ஏச்சாவது மிச்சமாகியிருக்கும். அவரோ பேசாமல் நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுழித்தார்.

அத்தேதியில் விடியுமுன் பாட்டி வீட்டில் நின்றோம். பசு கத்திக்கொண்டிருந்தது. மாலையில் மீண்டும் போனோம். மைனஸ் 196 டிகிரிக் குளிரிலிருந்து உறைவிந்துக் குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்தார். கடிகாரம் பார்த்தவன் நான். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டே மோர்ச் சொம்பை நீட்டினார்.

மூன்று மாதம் கழித்துத்தான் சினைப் பரிசோதனை. விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் அந்தப் பசுவைத்தான் முதலில் விசாரிக்கிறேன். "இன்னும் நாள் இருக்குடா" என்கிறார்.