முதல் லைன்

அந்தப் பெட்டியின் பெயர் சிஸ்கோ 2511. 1999-ல், கோவையில் ஒரு நூல் வியாபார நிறுவனத்தின் ஏசி அறையில், என் கையில் கொடுத்தார்கள். எனக்கு 23 வயது. கிளைகளில் இருந்து போன் லைன் வழியாகக் கூப்பிடுகிறவர்களை உள்ளே விடுவதுதான் அதன் வேலை. பின்பக்கம் ஒரு தடித்த கேபிள், அது 8 வாலாகப் பிரியும். வால் நுனிக்கு ஒரு மோடம், மோடத்துக்கு ஒரு டெலிபோன். நாங்கள் வாங்கியது 4 மோடம்தான்.

முதல் வாரம் முழுக்க ரவுட்டிங்கில் போனது. மேனேஜர் வீட்டு லேப்டாப் கனெக்ட் ஆகும், ஐபி வாங்கும், ஆனால் உள்ளே இருக்கும் யூனிக்ஸ் மெஷினை எட்டாது. மூன்று நாள் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். தப்பு பெட்டியில் இல்லை. டயல் செய்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு ஐபி வரிசை கொடுத்திருந்தேன். அந்த வரிசைக்குப் பதில் அனுப்ப எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யூனிக்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. கேள்வி போய்ச் சேர்ந்தது, பதில் வேறு ரவுட்டருக்குப் போய்த் தொலைந்தது. ஒரே ஒரு ஸ்டாடிக் ரூட் போட்டேன், ஓடியது. அன்று அன்னபூர்ணாவில் இரண்டு காபி குடித்தேன். அந்தத் தலைக்கனம்தான் மிச்சத்தைச் செய்தது.

கிளைக்காரர்களுக்கு ஐபி எல்லாம் வேண்டாம். டயல் செய்தால் கறுப்புத் திரை வரும். பாஸ்வேர்டு அடித்து, அன்றைய வரவு செலவை ஏற்றிவிட்டு வைத்துவிடுவார்கள். ராத்திரியில் எஸ்டிடி கட்டணம் குறையும் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஒரே நம்பர்தான். ஹன்டிங் முறையில், காலியாக இருக்கும் முதல் லைனுக்கு அழைப்பு போகும்.

ஒரு மழை நாளுக்கு மறுநாள் கரூர் கிளையில் 18,400 ரூபாய் இடித்தது. கேஷ் பார்க்கும் அக்காவிடம் விளக்கம் கேட்டு மெமோ போனது. அவர் கேஷ் புக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"பாதியில லைன் கட்டாயிருச்சுங்க தம்பி. மறுக்கா கெடைக்கவே இல்ல. அந்த நேரத்துல நான் எப்படிங்க என்ட்ரி போட்டிருப்பேன்?"

என்ட்ரி அவர் பெயரில்தான் இருந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

அவரை வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு நானே டயல் செய்தேன், உள்ளே போனேன், போன் ஒயரைப் பிடுங்கினேன். வேறொரு மோடத்தில் இருந்து மறுபடி கூப்பிட்டேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. நான் விட்டுப்போன அதே மெனு, அதே இடத்தில்.

லைன் கட்டமைப்பில் 'மோடம் டயல்இன்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். மோடத்தின் கேரியர் சிக்னல் விழுந்ததும் உள்ளே இருக்கும் செஷனையும் மூடு என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். நான் அதை எழுதவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை அக்கா இன்னும் முதல் லைனில் உட்கார்ந்திருந்தார். அடுத்துக் கூப்பிட்ட ஈரோட்டுப் பையன் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். போனில் கேட்டேன். "ஆமாங்கண்ணா, நேத்து பாஸ்வேர்டே கேக்கல, சீக்கிரமா வந்துருச்சு" என்றான் சந்தோஷமாக. திரையின் மூலையில் கரூர் என்று இருந்திருக்கும். அந்த அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? ஈரோட்டில் அதே 18,400 மிச்சம் நின்றதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வரியை அடித்துச் சேமிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. மோடங்களிலும் கேரியர் அமைப்பைச் சரிபார்த்தேன். பிறகு மேனேஜரிடம் போய், "லைன் கோளாறு சார், மழையில கிராஸ் ஆயிருக்கு" என்றேன். டெலிபோன்காரர்களைத் திட்ட அந்தக் காலத்தில் யாருக்கும் ஆதாரம் தேவைப்படாது. அவர் தலையாட்டினார்.

கணக்கைத் திருத்தி மாற்று என்ட்ரி போட்டார்கள். அக்கா கிளம்பும்போது பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். "நீங்க கண்டுபிடிச்சீங்க. இல்லீன்னா எம் பேரு கெட்டிருக்கும்."

வாங்கிக்கொண்டேன். அந்த மெமோவை அவர் ஃபைலில் இருந்து யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.