அப்பாவின் கப்சாய்

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் பழைய கப்சாய் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறதா? பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் குடும்பத்து வண்டி இது. கைக்குக் கிளட்ச் இல்லை. காலாலேயே கியர் மாற்றலாம். 2017-இல் இதன் உற்பத்தி 10 கோடியை எட்டியது.

ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் என் அப்பா பால் டின்களைக் கட்டி ஸ்டோருக்கு ஓட்டியது ஒரு சி70. அவர் காலமான பின் பத்தாண்டு முடங்கிக் கிடந்தது. தோட்டம் வீட்டுமனையாகிவிட்டது, லயமும் இல்லை. அவர் உழைப்புக்கு மிச்சமிருந்த சாட்சி இந்த வண்டிதான்.

முதலில், ஓங்கி உதைக்காதீர்கள், பிஸ்டன் இறுகியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு மிதியைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். அது பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்திருக்கும். பாயிண்டையும் சுத்தம் செய்யுங்கள்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்தன. ஒரு மாலை எஞ்சின் உயிர் பெற்றது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா, "உங்கப்பா வேலை முடிஞ்சு வர்ற மாதிரியே இருக்குய்யா" என்றார்.

சாலை வரியும் காப்புறுதியும் எடுத்த பிறகே ரோட்டில் ஏற்றுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து வேலை செய்யுங்கள். தாத்தா பட்ட பாடு அவர்களுக்கும் தெரியட்டும்.