மூல நட்சத்திரத்தை நேர்ல பார்த்திருக்கீங்களா?

1) டாக்டர் மூலம்னு சொன்னதும் வேற மூலம்னு நினைச்சுடாதீங்க. இது வானத்துல இருக்கற மூலம். பிரசவ வார்டுல அடிக்கடி காதுல விழற பேரு. ஒரு சின்ன த்ரெட்.

2) பெண் குழந்தை, 2.9 கிலோ. நல்லா அழுதுச்சு, பால் குடிக்குது. வேற என்ன வேணும்? ஆனா பொறந்த நேரத்தை எழுதி வாங்கிட்டுப் போற சில குடும்பங்க, திரும்பி வரும்போது முகம் வாடி வருவாங்க. "பெண் மூலம் நிர்மூலம்", மாமனாருக்கு ஆகாதாம். கண்ணே சரியா திறக்காத புள்ளைக்கு அதுக்குள்ள கல்யாணக் கவலை!

3) மூலம்னா என்ன? நிலா வானத்தை ஒரு சுத்து வர சுமார் 27 நாள். அந்தப் பாதையை 27 பங்கா பிரிச்சு, ஆளுக்கொரு பேரு வெச்சாங்க. சுத்துக்கு ஒரு நாள் நிலா மூலத்துல இருக்கும். அன்னைக்கு உலகம் முழுக்கப் பொறக்கற எல்லாப் புள்ளைக்கும் அதே நட்சத்திரம்தான்.

4) ஜோதிடத்துல மூலம் தனுசு ராசி. ஆனா கண்ணுக்குத் தெரியற உருவத்துல அது விருச்சிகத்தோட, அதாவது தேளோட வால்.

5) எப்படிக் கண்டுபிடிக்கறது? ஜூலை மாசம், ராத்திரி 9 மணி, மொட்டை மாடி. தெற்கே பாருங்க. பாதி உயரத்துல சிவப்பா ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் கேட்டை, அண்டாரஸ்னும் சொல்வாங்க. தேளோட நெஞ்சு.

6) அதுக்கு வலப்பக்கம் மேலே வரிசையா மூணு நட்சத்திரம்: தலை, நம்ம அனுஷம். கேட்டையிலிருந்து இடப்பக்கமா கீழே இறங்கினா வால். தூண்டில் முள் மாதிரி வளைஞ்சு மேலே ஏறும். முனையில ஒட்டினாப்ல ரெண்டு நட்சத்திரம். அதுதான் கொடுக்கு. அங்கதான் மூலம்.

7) கிரேக்கக் கதையில, எல்லா விலங்கையும் கொல்லுவேன்னு ஓரியன்ங்கற வேட்டைக்காரன் பீத்திக்கிட்டானாம். பூமித்தாய் ஒரு தேளை அனுப்பிக் கதையை முடிச்சா. இப்பவும் கிழக்கே தேள் ஏறும்போது மேற்கே ஓரியன் இறங்கிடுவான்.

8) ஹவாய்க்காரங்களுக்கு இது தேளே இல்ல. மாவிங்கற வீரனோட தூண்டில் முள். கடலுக்கு அடியிலிருந்து தீவுகளை இழுத்து மேலே கொண்டு வந்த முள்! நாம நிர்மூலம்னு சொல்ற அதே வாலை, அவங்க நிலம் தந்த முள்ளா பார்க்கறாங்க.

9) அண்டாரஸ் சுமார் 550 ஒளியாண்டு தூரம். இன்னைக்கு நாம பார்க்கற வெளிச்சம் கிளம்பினப்ப உங்க மாமனாரும் இல்ல, என் ஆஸ்பத்திரியும் இல்ல.

10) அதனால நட்சத்திரம் பார்த்து சிசேரியன் தேதி கேக்காதீங்க. எடை, பால் குடிக்கறது, தடுப்பூசி, இதைக் கேளுங்க. வீட்டுல மூலத்துல பொறந்த பொண்ணு இருந்தா, மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "அதோ பாரு, உன் நட்சத்திரம்"னு காட்டுங்க. அவ்வளவு அழகா இருக்கும்.