திரும்பி வந்த புறா

யான் தமிழ் பயிலும் மாணவன். கணிப்பொறியோடு எனக்கு உறவு ஏற்பட்டது யாப்பிலக்கணத்தால். செய்யுளடிகளின் மாத்திரையை எண்ணும்பொருட்டுப் பைத்தான் என்னும் மொழியில் ஒரு நிரல் வரைந்தேன். சொல்லொன்றை வாங்கிக் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை எனக் கணக்கிடும் வேலையை ஒரு துணைநிரலிடம் ஒப்புவித்தேன். ‘கடல்’ என்று கொடுத்தவுடன் திரையில் 2.5 எனத் தோன்றிற்று, மகிழ்ந்தேன். மறுகணமே, கூட்டல் இயலாதெனப் பிழை காட்டி நிரல் நின்றுவிட்டது. மறுநாட் காலை வகுப்பில் அதனைக் காட்டுவதாக ஆசிரியரிடம் வாக்களித்திருந்தேன். நள்ளிரவு வரை பிழை விளங்கவில்லை.

பிழை என்னுடையதே. துணைநிரல் விடையைத் திரையிற் காட்டிற்றேயன்றித் தன்னை ஏவிய தலைமை நிரலிடம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அதற்குரிய ‘ரிட்டர்ன்’ என்னும் கட்டளையை யான் எழுதவில்லை. அஃதில்லாவிடினும் கட்டுப்பாடு திரும்பிவிடும். ஆனால் வெறுங்கையோடு திரும்பும். அவ்வெறுமைக்குப் பைத்தான் இட்ட பெயர் ‘நன்’. எண்ணோடு ‘நன்’னைக் கூட்டுவது எங்ஙனம்?

நோவா விடுத்த புறா அப்பொழுது நினைவிற்கு வந்தது. முதன்முறை அது வெறும் அலகோடு மீண்டது. ஏழு நாள் கழித்து ஒலிவ இலையோடு மீண்டது. மூன்றாம் முறை மீளவேயில்லை. மீளாமையும் நோவாவிற்கு நற்செய்தியாயிற்று. கணிப்பொறியிலோ, மீளாத துணைநிரலுக்காகத் தலைமை நிரல் ஓயாது காத்துக் கிடக்கும்.

நிற்க. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் பொறியில், மீளும் வழியைப் பொறி தானே நினைவில் வைக்கும் ஏற்பாடு இல்லை. டேவிட் வீலர் என்பார் ஓர் உபாயங் கண்டார். தலைமை நிரல் தான் நிற்கும் இடத்தின் எண்ணை உடன் அனுப்பும்; துணைநிரல் முதல் வேலையாக அவ்வெண்ணைக் கொண்டு, தன் இறுதியில் மீளுங் கட்டளையை அமைத்துக்கொள்ளும். பணி தொடங்குமுன்னரே வீட்டிற்கு வழி குறித்தாயிற்று! ஆயினும் துணைநிரல் தன்னையே அழைக்குமாயின், பிந்திய குறிப்பு முந்தியதை அழித்துவிடும். ஆதலின், குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருப்பதை முதலில் எடுக்கும் ‘ஸ்டாக்’ முறை பின்னர் வழக்காயிற்று.

ஒரு சொல்லைச் சேர்த்தேன், நிரல் இயங்கிற்று. எனினும் மனம் அமைதியுறவில்லை. கற்றதை நண்பர் நடுவே விரித்துரைக்கும் யான், விடுமுறையில் வீடு செல்லுங்கால், “என்னப்பா படிச்சே?” என வினவும் அன்னையாரிடம், “ஒன்றுமில்லை” என்றே சொல்லிவந்தேன். அனுப்பியவரிடம் திரும்பினேன், கொடுத்ததோ ‘நன்’.

சென்ற விடுமுறையில் அடுக்களையில் அமர்ந்து மாத்திரைக் கணக்கை அவருக்கு விளக்கினேன். அரிசி களைந்துகொண்டே கேட்டவர், “அப்படின்னா ‘அம்மா’வுக்கு எத்தனை?” என்றார்.

“மூன்றரை” என்றேன்.