முப்பது என்று ஓர் எண்

அப்பா கனடாவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு இதுதான் முதல் முறை. காலையில் எழுந்து குளித்து, முழுக்கைச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சோஃபாவின் நுனியில் உட்காருவார். எங்காவது போகலாமா என்றால், "உனக்கு எங்க சௌரியமோ அங்க போலாங் கண்ணு" என்பார். எனக்குச் சௌகரியமான இடம் ஒன்றுதான் உண்டு. ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவரை கிரிம்ஸ்பிக்கு அழைத்துப் போனேன்.

மிசிசாகாவிலிருந்து கிரிம்ஸ்பி ஒரு மணி நேரத்துக்குள். நயாகரா அருவிக்குப் போகும் அதே நெடுஞ்சாலைதான். நம் ஆட்கள் எல்லோரும் நேராக அருவிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் பாதியில் இறங்கி மேட்டின் மேல் ஏறினோம். கீழே ஊர், பீச் தோட்டங்கள், திராட்சைக் கொடிகள். அதைத் தாண்டி ஒன்டாரியோ ஏரி. வானம் தெளிவாக இருந்தால் நீருக்கு அந்தப் பக்கம் டொரொன்டோவின் கட்டடங்கள் குச்சி நட்டு வைத்தது போலத் தெரியும்.

இந்த மேட்டில் 1970களிலிருந்து வசந்தகாலம்தோறும் பருந்துகளை எண்ணுகிறார்கள். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பருந்துகளுக்கு இந்த ஏரி ஒரு சுவர். பெரிய பறவை சிறகடித்தே நெடுந்தூரம் போனால் களைத்துவிடும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு மேலே ஏறி, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த ஏற்றக்காற்றைப் பிடிப்பதுதான் அதன் வழி. ஏப்ரலில் ஏரி இன்னும் பனிக்கட்டி மாதிரிதான் இருக்கும். தண்ணீர் மேல் அந்தக் காற்று எழாது. அதனால் கரையை ஒட்டியே மேற்கே போய், ஹாமில்டன் பக்கம் ஏரி முடியும் இடத்தில் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்புகின்றன. தெற்குக் காற்று வீசும் நாளில் பத்து மணிக்கு மேல் ஏரியைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்திலிருந்து வரிசையாக வரும். வடக்குக் காற்றென்றால் தெர்மோஸைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இங்கே கூட்டமாக வட்டமிடுவதற்குப் பெயர் 'கெட்டில்'. கொதிக்கிற பாத்திரம் போல இருக்கிறதாம். டர்க்கி வல்ச்சருக்குச் செல்லப்பெயர் 'டி.வி.'. யாரோ "டி.வி. வருது!" என்று கத்தியதும் அப்பா கார் நிறுத்துமிடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைய எண்ணுநர் ஓர் ஓய்வுபெற்ற அம்மாள். மடியில் அட்டை, அதில் மணிவாரியாகக் கட்டங்கள். இனம், எண்ணிக்கை, காற்று, மேகம், வெப்பம். மார்ச்சில் ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தாலும், இந்தத் தாளில் பழைய நேரம்தான். ஒன்றுமே பறக்காத மணிக்கும் பூஜ்யம் போட வேண்டும். நான் மூன்று வருடமாக வருகிறேன் என்பதால், கழுகுகளை மட்டும் எண்ணிச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். அடையாளம் காண எளிது: சிறகை V வடிவில் தூக்கிப் பிடித்து, குடித்தவன் மாதிரித் தள்ளாடிப் போகும். அதை விட்டால் எனக்கு வேறெதுவும் உறுதியாகத் தெரியாது. ஷார்ப்-ஷின்டுக்கும் கூப்பருக்கும் இன்றும் குழம்புவேன்.

என் கையிலிருந்த க்ளிக்கரைப் பார்த்து அப்பா, "உங்கம்மா ஜபம் எண்ணுவாளே, அதாட்டம் இருக்குது" என்றார். இரண்டு மாதத்தில் அம்மாவைப் பற்றி அவராகப் பேசியது அதுதான்.

பதினொன்றரைக்கு ஒரு பெரிய கெட்டில் எழும்பியது. எல்லாம் பிராட்-விங்டு பருந்துகள், தென் அமெரிக்கா வரை போய்த் திரும்பியவை. சுழலும்போது எண்ணக் கூடாது, ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக விலகி வரிசையில் சறுக்கும். அப்போது எண்ண வேண்டும். எல்லோரும் அதில் மூழ்கியிருக்க, கழுகுகள் அடியில் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. என் போன் அதிர்ந்தது. ஆபீஸ். சனிக்கிழமையும் விடமாட்டார்கள். எட்டு நிமிடம் ஓரமாகப் போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது அந்த அம்மாள், "கழுகு?" என்றார். க்ளிக்கரில் 11 இருந்தது. "முப்பது" என்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்படித்தான் போயிருக்கும். அவர் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா மெதுவாக, "முப்பதும் பாத்தியா கண்ணு?" என்றார்.

"ஏறக்குறையப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் வீட்டுப்பாடத்தில் விடையைப் பின்பக்கம் பார்த்து எழுதினால் இதே மௌனம்தான்.

புளிசாதம் பிரித்தோம். அப்பா கழுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமங்கலத்துக்கு மேற்கே அவர் வேலை பார்த்த காலத்தில், செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் அரை நாளில் எலும்புதான் மிஞ்சுமாம். "பொணந்திங்கிக் கழுகு அம்பது அறுபது உக்காந்திருக்கும். அப்பறம் ஒரு நாள் பாத்தா இல்ல. எப்ப இல்லாமப் போச்சுன்னே தெரியுல." மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்றும், 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள் என்றும், மாயாறு பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன என்றும் சொன்னேன். "பரத்பூர்ல முன்னமே எண்ணி வெச்சிருந்தாங்கப்பா. அதனாலதான் குறையுதுன்னே தெரிஞ்சுது." இந்தக் கழுகும் அந்தக் கழுகும் வேறு வேறு குடும்பம் என்பதைச் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று தோன்றியது.

பிறகு தானாகவே ஆரம்பித்தார். "தொண்ணூத்தியொண்ணுல எனக்கு சென்சஸ் டூட்டி. காட்டோரம் பன்னெண்டு வீடு. கடைசி வீடு பள்ளத்துக்கு அந்தாண்ட. வெயிலு. பக்கத்து வீட்டுக்காரியக் கேட்டேன், மூணு பேருன்னா. எழுதிட்டு வந்துட்டேன்."

"சரி."

"மார்ச் ஒண்ணாந்தேதி சூரியன் உதிக்கறப்ப யாரு உசுரோட இருக்காங்களோ அதான் கணக்கு. அஞ்சு வருசம் கழிச்சு ஒண்ணாப்புல ஒரு புள்ள வந்து சேந்துச்சு. அட்மிஷன் ரிஜிஸ்டர் நாந்தான் எழுதறேன். பொறந்த தேதி தொண்ணூத்தியொண்ணு ஜனவரி. எந்த வீடுன்னு கேட்டேன்." தண்ணீர் குடித்தார். "தெனமும் அட்டனன்ஸ் எடுக்கறப்ப அது 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லும். உங்கம்மாகிட்டக்கூட நான் சொன்னதில்ல."

அதனால் யாருக்கு என்ன நஷ்டம், இத்தனை கோடியில் ஒன்று என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் முப்பதுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

எழுந்து போய் அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படி நிற்பது கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். முப்பதை ஒரே கோட்டில் அடித்து மேலே 11 என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில், எட்டு நிமிடம் கழுகுகளை எண்ணவில்லை என்று சேர்த்தார். "தேங்க்யூ" என்றார். அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பி, ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பூஜ்யம். அப்பா எண்ணுநரின் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தார். இருவருக்கும் பொதுவாக ஐந்தாறு ஆங்கில வார்த்தைகள் இருக்கலாம். அவர் வெறுங்கண்ணால் ஒரு புள்ளியைக் காட்டுவார், அந்த அம்மாள் பைனாகுலரை வைப்பார், "கல்" என்பார். அது கடற்காகம். கணக்கில் வராது. அப்பா தலையாட்டிவிட்டு அடுத்த புள்ளியைத் தேடுவார்.

திரும்பும் வழியில் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஹாமில்டன் தாண்டும்போது டிக், டிக் என்று சத்தம். என் க்ளிக்கர் அவர் கையில் இருந்தது.

"என்னப்பா எண்ணறீங்க?"

"எதுக்க வர்ற லாரி" என்றார். "பேசாத. விட்டுப்போயிரும்."